"ராஜினாமா குடுத்துடுங்க, முழு செட்டில்மென்ட் வந்துடும்" என்றால் நம்பாதீங்க: 1,20,000 ரூபாய் போச்சு

கம்பெனி பேர் போடல. கார் உதிரிபாகம் செய்யும் நடுத்தர ஆலை. ஸ்டோர்ஸ்ல இருந்த எங்க தோழர் மேல "சரக்கு குறையுது"ன்னு பழி. மூணு ஷிஃப்டுக்கும் ஒரே சாவி. ஷிஃப்ட் மாறும்போது கையிருப்பை எண்ணிக் கையெழுத்து வாங்கும் வழக்கமே கிடையாது. அப்புறம் யார் ஷிஃப்டில் குறைஞ்சதுன்னு எப்படித் தெரியும்? சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டை எழுத்தில் தரும் தாள்) இல்லை, விசாரணை இல்லை.

எச்.ஆர். உட்காரவைத்துத் தன்மையாத்தான் பேசினார். "என்கொயரின்னு போனா உங்க பேர்தான் கெடும்ண்ணே. எழுதிக் குடுத்துடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." நம்பிட்டார். ராஜினாமாவோடு இன்னொரு தாளும் வந்தது: "சேர வேண்டியது முழுதும் பெற்றுக்கொண்டேன்." தேதி காலி, தொகை காலி. ரெவின்யூ ஸ்டாம்ப் மட்டும் முன்னாடியே ஒட்டி ரெடி!

அவருக்குச் சேர வேண்டிய கிராஜுவிட்டியை, அதாவது பல வருஷம் உழைச்சதுக்காக வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய தொகையை, கணக்குப் போடுவோம். அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் (பஞ்சப்படி) சேர்த்து மாசம் 26,000. சர்வீஸ் 7 வருஷம் 7 மாசம். ஆறு மாசத்துக்கு மேல் போனால் முழு வருஷக் கணக்கு, ஆக 8. 26,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, மறுபடி 8-ஆல் பெருக்குங்க. 1,20,000 ரூபாய் கிராஜுவிட்டி.

கேட்டா "ஃபைல் அக்கவுன்ட்ஸ்ல இருக்கு", "எம்.டி. வெளியூர்", "மெயில் போடுங்க". மெயிலுக்குப் பதிலே இல்லை. கடைசியா வந்தது இது: "ஒழுங்கீனத்துல போனவருக்குக் கிராஜுவிட்டி கிடையாது. அதான் வாங்கிட்டதா கையெழுத்து போட்டிருக்கீங்களே." கிடையாதா, குடுத்தாச்சா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்கய்யா!

சட்டப்படி, ஒழுங்கீனத்துக்காக வேலைநீக்கம் செய்திருந்தால்தான் கிராஜுவிட்டியைப் பிடிக்கும் பேச்சே வரும். ராஜினாமா செய்தவரிடம் அது செல்லாது. நஷ்டம்னு காரணம் காட்டினாலும் அந்த நஷ்டத்தின் அளவுக்குத்தான் பிடிக்கலாம். 30 நாளுக்குள் தரணும், தாண்டினால் வட்டி. 1,20,000 அவங்க போடும் பிச்சை இல்லை.

எப்படித் தப்பிப்பதுன்னு விரிவா எழுத உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடல. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. தேதியும் தொகையும் இல்லாத தாளில் கையெழுத்து வேண்டாம். பழி சொன்னால் "மெமோவா குடுங்க, எழுத்தில் பதில் தரேன்"னு சொல்லுங்க. கிராஜுவிட்டி கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, போய்ச் சேர்ந்ததுக்கான சான்றை வைச்சுக்கோங்க. தரலைன்னா தொழிலாளர் துறையில் மனு. சம்பளச் சீட்டு எல்லாத்தையும் இப்பவே இறக்கி வைங்க, ராஜினாமா குடுத்த சாயங்காலமே லாகினை முடக்கிடறாங்க.