சோரியாசிஸ்: ஊட்டி ஜனவரியா, சென்னை மே மாதமா?

சோரியாசிஸ் என்பது தோல் தடித்துச் செதில் உதிரும் நோய். அது உள்ளவர்களுக்கு எந்தப் பருவம் தேவலை? ஊட்டியின் ஜனவரிக் காற்று வறண்டது. முழங்கையிலும் தலையிலும் உள்ள தடிப்புகள் வெள்ளைச் செதில்களாக உதிரும். கறுப்புச் சட்டை போட்டால் தோளே காட்டிக்கொடுத்துவிடும். வெயில் அங்கும் சுள்ளென்றுதான் அடிக்கிறது, ஸ்வெட்டருக்குள் இருக்கும் தோலுக்கு எட்டுவதில்லை. அதுதான் இழப்பு: வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர்கள் தோல் செல்கள் தாறுமாறாகப் பெருகுவதைத் தணிக்கும். மருத்துவமனையின் ஒளிச் சிகிச்சையில் இதே வகையைச் சேர்ந்த, 311 நானோமீட்டர் அலைநீளக் கதிர் தருவதும் இதற்காகவே.

சென்னை மே மாதத்தில் பலருக்குச் செதில் குறையும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் வருகிற வகைக்கோ வியர்வையும் உராய்வும் எரிச்சலைக் கூட்டும். வெயிலில் தோல் வெந்துபோனால் அந்த இடத்திலேயே புதுத் தடிப்பு கிளம்பலாம்.

என் ஓட்டு மே மாதத்துக்கே. தோல் சிவப்பதற்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஜனவரியில் மாட்டிக்கொண்டவர்கள் வெந்நீர்க் குளியலைச் சுருக்கி, ஈரம் காய்வதற்குள் வாசலின் தடவலாம்.