இரு பக்க சிங்க்: சிங்திங், யூனிசன், பைசிங்க், கிளவுட் டிரைவ் – எது யாருக்கு?

தி.நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் டெஸ்க்டாப், வேளச்சேரி வீட்டில் லேப்டாப், கையில் ஆண்ட்ராய்டு போன். மூன்றிலும் ஒரே கிளையன்ட் ஃபோல்டர் இருக்க வேண்டும். எதில் திருத்தினாலும் மற்ற இரண்டிலும் அது வந்துவிட வேண்டும். இதற்குக் கருவிகள் நிறைய உண்டு. பெரும்பாலானவர்கள் விலையையும் வேகத்தையும் பார்த்து ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள். போன முறை இரு பக்கமும் எப்படி இருந்தது என்பதை அந்தக் கருவி எங்கே எழுதி வைக்கிறது? இரு பக்கமும் மாறியிருந்தால் யார் முடிவெடுப்பது?

முதல் கேள்வியின் கனம் தெரிய ஆர்சிங்கைப் பார்த்தால் போதும். 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கராஸ் இருவரும் வெளியிட்ட, ஃபைல் நகலெடுக்கும் அருமையான கருவி, ஆனால் ஒரு திசைக்கானது. ‘புதியதை மட்டும் அனுப்பு’ என்று சொல்லி அதையே இரு திசையிலும் ஓட்டி சமாளிப்பவர்கள் உண்டு. லேப்டாப்பில் ஒரு பழைய ஃபைலை அழிக்கிறீர்கள். அடுத்த முறை ஆர்சிங்க் ஓடும்போது அதற்குத் தெரிவது, அந்த ஃபைல் டெஸ்க்டாப்பில் இருக்கிறது, லேப்டாப்பில் இல்லை என்பது மட்டுமே. டெஸ்க்டாப்பில் புதிதாக வந்ததா, லேப்டாப்பில் அழிக்கப்பட்டதா என்று அதனால் சொல்ல முடியாது. அழித்த ஃபைல் திரும்ப வந்து உட்காரும். அழிப்பையும் நகலெடுக்கும்படி மாற்றினால், இப்போதுதான் டெஸ்க்டாப்பில் சேமித்த புது ஃபைல் போய்விடும். போன முறை நிலவரத்தின் பதிவு இல்லாத எந்தக் கருவியும் இரு பக்க வேலைக்கு ஆகாது.

சிங்திங்

2013இல் தொடங்கிய திறமூலத் திட்டம். ஃபைல்களை வைத்திருக்கும் சர்வர் நடுவில் கிடையாது. சாதனங்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும். ஒவ்வொரு சாதனமும் ஃபோல்டரின் பட்டியலைத் தன்னிடமே வைத்திருக்கும். ஃபைலைக் குறைந்தது 128 கிலோபைட் துண்டுகளாகப் பார்த்து, மாறிய துண்டை மட்டும் அனுப்பும். வந்து முடியும்வரை தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக வந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றும். அனுப்பும்போது கரண்ட் போனாலும் பாதி ஃபைல் உண்மைப் பெயரில் வந்து நிற்காது.

நேருக்கு நேர் என்பதன் மறுபக்கம், இரண்டு சாதனங்களும் ஒரே நேரத்தில் ஆனில் இருக்க வேண்டும். அலுவலக டெஸ்க்டாப்பை ஏழு மணிக்கு அணைத்துவிட்டு, எட்டு மணிக்கு வீட்டில் லேப்டாப்பைத் திறந்தால் எதுவும் வராது. அதனால் எப்போதும் ஓடும் மூன்றாவது பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரோ, ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய மினி பிசியோ போதும். அதையும் ரவுட்டரையும் ஒரே இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

அடுத்த சிக்கல் பிராட்பேண்ட். வீட்டு இணைப்புகள் பலவற்றில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி இருக்காது. பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும். இரு முனையும் அப்படி இருந்தால் நேரடி இணைப்பு பல நேரம் அமையாது, சிங்திங் ரிலே சர்வர் (தகவலை இடையில் வாங்கி மறுமுனைக்குத் தள்ளிவிடும் சர்வர்) வழியாகப் போகும். தகவல் முழுக்க என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது, பயமில்லை. ஆனால் வேகம் படுத்துவிடும். திரையில் இணைப்பு வகை ‘ரிலே’ என்று தெரிந்தால் இரு ரவுட்டரிலும் ஐபிவி6ஐ (ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி முகவரி தரும் முறை) ஆன் செய்து, 22000 போர்ட்டை அனுமதியுங்கள். முதல் சிங்க்கை மட்டும் இரண்டு மெஷினையும் ஒரே இடத்தில் வைத்து லேன் கேபிளில் முடித்துவிடுவது நல்லது. 40 ஜிபி ஃபோல்டர் கிகாபிட் கேபிளில் ஆறேழு நிமிடம். 100 எம்பிபிஎஸ் அப்லோடில் முழு வேகம் கிடைத்தாலும் 53 நிமிடம். ரிலேயில் ராத்திரி முழுக்க ஓடும்.

போன் பக்கம் கொஞ்சம் கவனம் தேவை. அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. இப்போது பயன்படுத்துவது சிங்திங்-ஃபோர்க். பேட்டரி அமைப்பில் அதற்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லி, ஆட்டோ ஸ்டார்ட்டும் கொடுக்காவிட்டால் போன் அதைப் பின்னணியில் கொன்றுவிடும். ஐபோனில் அதிகாரபூர்வ ஆப் இல்லை. வேறொருவர் செய்த மோபியஸ் சிங்க் உண்டு; ஐபோன் பின்னணியில் ஆப்களை ஓட விடாததால், திறந்து வைத்தால்தான் ஒழுங்காக ஓடும்.

யூனிசன்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ் தலைமையில் உருவானது. வயதானது; ஆனால் மோதலை, அதாவது ஒரே ஃபைல் இரு பக்கமும் மாறியிருப்பதை, கையாள்வதில் இன்றும் இதற்கு மிஞ்சியது இல்லை. சென்ற முறை நிலவரத்தை இரு மெஷினிலும் ஆவணமாக வைத்துக்கொண்டு, இரு பக்க மாற்றங்களையும் பட்டியல் போட்டுக் காட்டும். ஒரு பக்கம் மட்டும் மாறியவற்றுக்கு அம்புக்குறி. இரு பக்கமும் மாறியவற்றுக்கு நடுவில் கேள்விக்குறி. எந்தப் பக்கத்தது வேண்டும் என்று நீங்கள் சொல்லும்வரை அதைத் தொடவே தொடாது. கேள்வி கேட்காமல் ஓடும் பேட்ச் முறையிலும் மோதல்களை அப்படியே விட்டுவிட்டு மற்றதைத்தான் முடிக்கும். ஒரு பக்கம் ஃபோல்டரே மொத்தமாகக் காலியாக இருந்தால் உறுதி கேட்காமல் மறுபக்கத்தை அழிக்காது.

எஸ்எஸ்எச் (மெஷின்களுக்கு இடையிலான என்கிரிப்ட் செய்த இணைப்பு) வழியாகப் போகும். ஒரு ஜோடிக்கு இரண்டே முனைகள். மூன்று மெஷின் என்றால் ஒன்றை நடுவில் வைத்து மற்ற இரண்டையும் அதோடு மட்டும் சிங்க் செய்ய வேண்டும். வட்டமாகச் சுற்றவிட்டால் இல்லாத மோதல்கள் எல்லாம் முளைக்கும். முன்பெல்லாம் இரு பக்கமும் ஒரே பதிப்பு, ஒரே கம்பைலர் என்று பொருந்தினால்தான் ஓடும், 2.52க்குப் பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. பழைய உபுண்டுவில் 2.48 கிடந்தால் முதலில் அதை மாற்றுங்கள். போனுக்கு ஆப் கிடையாது.

ஆர்க்ளோன் பைசிங்க்

கிளவுடில் இருக்கும் ஒரு ஃபோல்டரும் உங்கள் மெஷினும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுவும் லினக்ஸில் என்றால், ஆர்க்ளோன் என்ற கிளவுட் நகலெடுப்புக் கருவியின் பைசிங்க் கட்டளை நல்ல வழி. கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் ஆப் லினக்ஸுக்கு இல்லை. பைசிங்க் 2022இல் 1.58 பதிப்பில் வந்தது, 2024இன் 1.66இல்தான் தேறியது. அதற்குக் கீழே இருப்பதைப் போடாதீர்கள். தானாக ஓடாது; கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் லினக்ஸ் வசதி) வைத்து ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் பாதிக்கு மேல் அழிந்திருந்தால் நின்றுவிடும், நல்ல பாதுகாப்பு.

இங்கே பலர் விழும் குழி ‘ரீசிங்க்’ என்ற அமைப்பு. முதல் முறை அதைக் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். அது இரு பக்கத்தையும் கூட்டிச் சேர்க்கும், எந்த ஃபைலையும் நீக்காது. பிற்பாடு பிழை வந்து நின்றால் ‘ரீசிங்க் கொடு’ என்று திரையே சொல்லும். யோசிக்காமல் கொடுத்தால், கடைசியாக நல்லபடி ஓடியதற்குப் பிறகு ஒரு பக்கம் அழித்த ஃபைல்கள் எல்லாம் உயிரோடு வந்துவிடும். ரீசிங்க்கைக் கிரான் வரியிலேயே நிரந்தரமாக எழுதி வைப்பவர்களுக்கு அழிப்பு என்ற ஒன்றே நடக்காது. அதற்குப் பதில் ‘ரெசிலியன்ட்’, ‘ரிகவர்’ என்ற இரண்டு அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டால், நடுவில் நெட் போனாலும் அடுத்த ஓட்டத்தில் அதுவே எழுந்துகொள்ளும். கூகுள் டிரைவுக்குச் சொந்த கிளையன்ட் ஐடி (கூகுளிடம் உங்கள் பெயரில் ஓர் ஆப்பைப் பதிந்து வாங்கும் அடையாளம்) எடுத்தால் வேகம் கூடும். ஆனால் அந்த ஆப்பை ‘டெஸ்டிங்’ நிலையிலேயே விட்டால் 7 நாளுக்கு ஒருமுறை அனுமதி காலாவதியாகும்.

கிளவுட் டிரைவ்கள்

கூகுள் டிரைவ் இலவசமாக 15 ஜிபி, ஒன்டிரைவ் 5, டிராப்பாக்ஸ் 2 ஜிபியும் மூன்று சாதனங்களும். பதிவு அவர்கள் சர்வரில். எனவே இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் ஆனில் இருக்கத் தேவையில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர்கள் இருந்தால், ஐபோன் இருந்தால், தயங்காமல் இதற்கே போங்கள். பெரிய ஃபைலில் சின்ன மாற்றம் என்றால் டிராப்பாக்ஸும் ஒன்டிரைவும் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும்.

ஒரே எச்சரிக்கை: இடம் மிச்சம் பிடிக்க, ஃபைலின் பெயரை மட்டும் மெஷினில் வைத்து உள்ளடக்கத்தைத் தேவைப்படும்போது இறக்கும் முறை இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் கரண்டும் நெட்டும் போனது நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் அந்தப் பெயர்கள் வெறும் பெயர்கள்தான். முக்கியமான ஃபோல்டர்களுக்கு முழு நகலை மெஷினிலேயே வைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸில் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கும் கம்ப்யூட்டரும் மட்டும் என்றால் ஃப்ரீஃபைல்சிங்க் போதும். இரு பக்கமும் ஒரு சின்னப் பதிவு ஃபைல் வைத்துக்கொள்ளும், அனுப்பும் முன் பட்டியல் காட்டும்.

ஒரே ஃபைலை இரு பக்கமும் திருத்தினால்

வரவு-செலவு எக்செல் ஃபைலை அலுவலகத்தில் ஒருவர் திருத்துகிறார். நெட் இல்லாத ரயிலில் நீங்களும் திருத்துகிறீர்கள். சிங்திங், திருத்திய நேரத்தில் பழையதை எடுத்து, பெயரோடு ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’, தேதி, நேரம், சாதன அடையாளம் சேர்த்து ஓரமாக வைக்கும். புதியது அசல் பெயரில் நிற்கும். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. வாரம் ஒருமுறை அந்தச் சொல்லைத் தேடிப் பார்ப்பது உங்கள் வேலை. கிளவுட் டிரைவ்களும் ஏறக்குறைய இதே வழி. பைசிங்க் இரண்டுக்குமே ‘கான்ஃப்ளிக்ட்1’, ‘கான்ஃப்ளிக்ட்2’ என்று பெயர் மாற்றிவிடும். அசல் பெயரில் எதுவும் இருக்காது, அதனால் உடனே கண்ணில் படும். இது சிங்திங்கின் வழியைவிட நேர்மையானது. யூனிசன் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யும். ஒருவர் அழித்து மற்றவர் திருத்தியிருந்தால், சிங்திங்கின் பழைய பதிப்புகளில் திருத்திய பிரதியே ஜெயிக்கும். 2025இல் வந்த 2.0 முதல் அழிப்பும் ஜெயிக்கலாம், திருத்திய பிரதி மோதல் நகலாக மிஞ்சும்.

‘புதியதே ஜெயிக்கும்’ என்ற விதி கடிகாரத்தை நம்பி நிற்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போகும். அதில் இன்று செய்த திருத்தம் பழையதாகத் தெரியும், மோதலில் தோற்கும். சிஆர்2032 பட்டன் செல் ஒன்று மாற்றினால் தீர்ந்தது.

தமிழ்ப் பெயர்கள்

ஆங்கிலக் கையேடுகள் சொல்லாத இடம் இது. ஃபைல் பெயரில் ஒகர, ஓகார உயிர்மெய் வந்தால் அதை இரு விதமாகச் சேமிக்கலாம். ‘கோயில்’ என்பதில் ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம். ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பழைய மேக் டிஸ்க்குகள் பிரித்து எழுதும். விண்டோஸில் தட்டச்சு செய்தால் பொதுவாகச் சேர்ந்தே வரும். லினக்ஸ் இரண்டையும் வேறு வேறு ஃபைல் என்று நினைக்கும்: ஒரே ஃபோல்டரில் ‘கோயில்’ இரண்டு. சிங்திங்கில் இதைச் சரிசெய்யும் அமைப்பு தானாகவே ஆனில் இருக்கும். யூனிசனில் யூனிகோடு அமைப்பு ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று நீளம். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15 பைட். ஆக 85 குறியீட்டுக்கு மேல் போக முடியாது. விண்டோஸோ 255 குறியீடு வரை விடும். அங்கே நன்றாகச் சேமிக்கப்பட்ட நீளமான பெயர் போனுக்கு வராமல் நிற்பது இதனால்தான். மோதல் நகல் என்றால் சிங்திங் இன்னும் 38 பைட் சேர்க்கும். பெயரை 60 குறியீட்டுக்குள் வைத்தால் கம்ப்யூட்டரிலும் போனிலும் இடிக்காது. ஆனால் என்கிரிப்ட் செய்த ஃபோல்டர் உள்ள சில நாஸ் பெட்டிகளில் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வரம்பு 143 பைட், அதாவது 47 குறியீடு.

எதைப் போடக்கூடாது

கணக்கு மென்பொருளான டேலியின் கம்பெனி டேட்டா ஃபோல்டரை எந்தக் கருவியிலும் நேரடி சிங்க்கில் வைக்காதீர்கள். ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய பல ஃபைல்கள் அவை. டேலி திறந்திருக்கும்போது பாதி பழையதும் பாதி புதியதுமாகப் போய்ச் சேர்ந்தால் கம்பெனி திறக்காது. டேலியிலேயே பேக்கப் எடுத்து, அந்தப் பேக்கப் ஃபைலை சிங்க் செய்யுங்கள். அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைலுக்கும் இதே விதி. வேர்டு திறந்திருக்கும்போது முளைக்கும் அலைக்குறி-டாலர் ஃபைல்களை விலக்கு பட்டியலில் சேருங்கள். சிங்திங்கில் அந்தப் பட்டியல் மற்ற மெஷினுக்குத் தானாகப் போகாது, ஒவ்வொன்றிலும் தனியாக எழுத வேண்டும்.

அந்த ஆடிட்டர் அலுவலகத்துக்கு எங்கள் தேர்வு, எப்போதும் ஓடும் பெட்டியோடு சிங்திங். தனியாக வேலை செய்பவர், இரண்டே மெஷின், ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்து அனுப்ப விரும்புபவர் என்றால் யூனிசன்.

எதுவானாலும் சிங்க் பேக்கப் ஆகாது. அழித்தது எல்லா இடத்திலும் அழியும். சிங்திங்கில் ஃபைல் வெர்ஷனிங்கை அந்த நடுப்பெட்டியில் ஆன் செய்யுங்கள், 30 நாள் வைத்தால் போதும். அது மற்ற சாதனங்களிலிருந்து வரும் மாற்றங்களுக்கு மட்டுமே பழைய பிரதி வைக்கும். அந்தப் பெட்டியிலேயே நேரடியாக அழித்தால் அங்கே பிரதி இருக்காது. ஆகவே அந்தப் பெட்டியில் யாரும் வேலை செய்யக்கூடாது. 2015 வெள்ளத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த தெருவில் இருக்கிறீர்கள் என்றால் பெட்டியை மாடியில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

உண்மையான ஃபோல்டரைச் சேர்க்கும் முன், பத்து வெற்று ஃபைல்களோடு ஒரு சோதனை ஃபோல்டர் போட்டுப் பாருங்கள். ஒன்றை அழியுங்கள், ஒன்றின் பெயரை மாற்றுங்கள், வைஃபையை அணைத்துவிட்டு ஒன்றை இரு பக்கமும் திருத்துங்கள், தமிழில் நீளமான பெயரோடு ஒன்றைச் சேருங்கள். பிறகு வைஃபையை ஆன் செய்து இரு பக்கமும் எண்ணுங்கள். சிங்திங், கிளவுட் டிரைவ் இரண்டிலும் பத்து ஃபைல்கள், ஒரு மோதல் நகல். பைசிங்க்கிலும் பதினொன்றுதான், ஆனால் திருத்திய ஃபைல் அசல் பெயரில் இருக்காது. யூனிசனில் பத்து, ஒன்றின் மேல் கேள்விக்குறி.