வண்டல் பள்ளமா, களிப் பள்ளமா: திருகோணமலைத் தாழ்வயல்கள் ஓர் ஒப்பீடு

மார்கழி மழையில் இரண்டு காணியும் ஒன்றுபோலத்தான் கிடக்கும். வரம்பு மூழ்க வெள்ளம் நிற்கும், கால் வைத்தால் புதையும். "ரெண்டும் பள்ளக்காணிதானே" என்று குத்தகை பேசி முடிப்பதும் அந்த நேரத்தில்தான். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் பக்கத்தில், மூதூர் ஆற்றோரத் தாழ்வுகளில் வண்டல் கிடக்கிறது. கந்தளாய், தம்பலகாமம் பக்கம் செங்கபில மேட்டுக்குக் கீழே, பள்ளத்தில் சாம்பல் நிறக் களி கிடக்கிறது. தண்ணீரைப் பிடித்து வைப்பதில் இரண்டும் உறவு. உழவிலும் விதைப்பிலும் வடிச்சலிலும் எதிரெதிர்.

ஊர்ப் பெயரை வைத்து மண்ணைத் தீர்மானிக்க வேண்டாம். வெள்ளம் கரைமீறும்போது பருமணல் ஆற்றங்கரையிலேயே விழும், வண்டல் அதற்கு அப்பால் படியும், களி மிகத் தூரத்துத் தாழ்வு வரை மிதந்து போய்த்தான் அடங்கும். ஒரே வட்டையில் (வயல்வெளியில்) மூன்றும் இருக்கலாம்.

கையில் பிடித்துப் பார்ப்பது

பாடநூலில் 'அடையல்' என்று வருவதுதான் இந்த வண்டல் துகள்: 0.002 முதல் 0.05 மில்லிமீற்றர் வரை. களித்துகள் அதைவிடச் சிறியது. அளவைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் மண் நடந்துகொள்ளும் விதத்தில் தெரியும். ஈரமண்ணை உள்ளங்கையில் வடைபோல் தட்டி, கையைப் பக்கவாட்டில் குலுக்குங்கள். வண்டல் என்றால் மேலே நீர் கசிந்து பளபளக்கும், அமுக்கினால் அந்தப் பளபளப்பு மறைந்துவிடும். களியில் இது நடக்காது. காய்ந்த கட்டியை விரலால் நசுக்கினால் வண்டல் மாவாக உதிரும், களிக்கட்டியை உடைக்கச் சுத்தியல் வேண்டும். கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளினால் களி 5 சென்ரிமீற்றர் தாண்டியும் நீளும், வண்டல் 2.5 வருமுன் அறுந்துவிடும்.

நீர் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதை நிறம் சொல்லும். ஆவணி, புரட்டாதியில் 60 சென்ரிமீற்றர் குழி வெட்டிப் பாருங்கள். சாம்பல் மண்ணில் வேர்ப்பாதை நெடுகத் துருக்கோடு ஓடினால், அந்த ஆழம் வரை ஆண்டில் பல வாரம் காற்றில்லாமல் கிடந்திருக்கிறது. நீர் நிற்கும்போது மண்ணின் இரும்பு கரைகிறது, காற்று புகும் வழியில் மீண்டும் துருவாகப் படிகிறது. வரட்சியில் பார்த்தாலும் அந்தக் கோடு அழிவதில்லை. வாய்க்கால் நீரில் எண்ணெய்போல ஒரு படலம் மிதந்தால் குச்சியால் குத்துங்கள். துண்டு துண்டாக உடைந்தால் அது இரும்புப் படலம், உடனே ஒன்றுசேர்ந்தால் உண்மையான எண்ணெய்.

ஏன் வடியவில்லை?

களி வடியாதது அதன் இயல்பு. மணிக்கு 1 முதல் 5 மில்லிமீற்றர்தான் உள்ளே இறங்கும். வண்டலில் அப்படி இல்லை. கட்டமைப்பு கெடாத வண்டல் அதைவிட வேகமாகவே நீரை விடும். வடியவில்லையென்றால் வேறு காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் வாய்க்கால் வெட்டுவது காசை வெள்ளத்தில் விடுவதுதான். வயலில் நீர் நிற்கும்போது பக்கத்து வரம்பில் குழி வெட்டுங்கள். பக்கத்திலிருந்து நீர் ஊறிக் குழி நிரம்பினால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது, தீர்வு வடிச்சல் வாய்க்கால். மேலே நீர் நிற்க, 30 சென்ரிமீற்றருக்குக் கீழே மண் பொலபொலவென்று இருந்தால் உழவு அடித்தட்டு இறுகியிருக்கிறது, அல்லது மேற்பரப்பு மூடியிருக்கிறது. அதற்கு வாய்க்கால் எதுவும் செய்யாது.

இந்த இறுக்கம்தான் வண்டலின் பெரிய பலவீனம். களி சிறுபோகத்தில் வெடிக்கும், மழையில் ஊறிப் பெருக்கும், தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். வண்டல் அப்படி ஆழமாக வெடிப்பதில்லை. ஈரத்தில் அறுவடை மெசின் ஏறிய தடம் 15, 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் வருடக்கணக்காக அப்படியே இருக்கும். ஆகவே அறுவடைக்கு 10, 15 நாள் முன்பே நீரை வடித்துவிடுங்கள். குதிக்கால் பதியாத அளவு தரை காய்ந்த பின்பே மெசினை இறக்குங்கள்.

சேறடிப்பும் விதைப்பும்

அதிகம் பிழை விடும் இடம் இதுதான். களிச்சேறு கஞ்சிபோல நாள்கணக்கில் நிற்கும். உடனே முளைநெல்லை வீசினால் புதைந்து அழுகும், ஆகையால் ஒன்றிரண்டு நாள் அடங்கவிட்டு நீரை வடித்து விதைப்பார்கள். அதே வழக்கத்தை வண்டலில் செய்தால் நட்டம். கனமான வண்டல் துகள் நிமிடங்களிலும் மணித்தியாலங்களிலுமே அடியில் படிந்துவிடும், அடுத்த நாள் தரை சீமெந்து பூசியதுபோல் இறுகும். விதை மேலே கிடந்து குருவிக்கு இரையாகும், முளைத்த வேரும் உள்ளே இறங்காமல் பின்னர் பயிர் சாயும். வண்டலில் பலகை அடித்து மட்டமாக்கிய அன்றே, பிந்தினால் மறுநாள் காலையில் விதைத்துவிட வேண்டும். அதனால் ஆள், விதை, நீர் மூன்றும் கைவசம் உள்ள அளவுக்கே ஒரு நாளில் சேறடியுங்கள். ஐந்து ஏக்கரையும் ஒரேயடியாக அடித்துவிட்டு ஆள் தேடுவது களிக்கு ஒத்துவரும், இதற்கு ஒத்துவராது. சேறடிப்பையும் மிகைப்படுத்த வேண்டாம், இரண்டு ஓட்டம் போதும்.

வடிச்சல் வாய்க்கால்

களியில் ஆழ வெட்டிப் பயனில்லை, பக்கத்து நீர் வாய்க்காலுக்கு வந்து சேராது. மேல்நீர் ஓட ஆழம் குறைந்த சால்கள் போதும். வண்டலில் 60 சென்ரிமீற்றர் வாய்க்கால் பக்கத்து நீரையும் இழுக்கும், ஆனால் கரை நிற்காது. ஊறிவரும் நீர் அடிப்பக்கத் துகளை இழுத்துக்கொண்டு வர, மேலே உள்ளது சரிந்து விழும். களிக்கரையை ஒன்றுக்கு ஒன்று சரிவில் விடலாம், வண்டலுக்கு ஒன்றரைக்கு ஒன்று வேண்டும். 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அடி அகலம் 40 சென்ரிமீற்றர் என்றால், களியில் மேலகலம் 1.6 மீற்றர், வண்டலில் 2.2 மீற்றர். அவ்வளவு நிலம் போகும் என்பதைக் குத்தகைக் கணக்கில் சேருங்கள். வெட்டும்போது நீர் விழும் முனையிலிருந்து தொடங்கி மேலேறி வாருங்கள். வடிச்சலுக்குத் துளைக்குழாய் புதைப்பவர்கள் தென்னந்தும்பு சுற்றாமல் புதைத்தால் வண்டல் உள்ளே புகுந்து அடைத்துவிடும்.

சிறுபோகமும் உப்பும்

நெல்லுக்கு அடுத்து மறுபயிர் வைக்கும் எண்ணம் இருந்தால் வண்டல் முந்தும். வேர் எட்டும் ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும், மண்வெட்டியும் இலகுவாக இறங்கும். கௌபி, பயறு, சோளம் வைக்கலாம். கச்சான் வேண்டாம்: மண்மேல் ஓடுபோல இறுகும் படையை, பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் அதன் விழுது துளைக்காது. பாத்தி 1 மீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் உயரம். களிப்பாத்தி நிற்கும். வண்டல் பாத்தி ஒரு மழையில் கரையும் என்பதால் வைக்கோல் மூடாக்கு கட்டாயம்.

குடாவை ஒட்டிய காணியில் இன்னொரு ஆபத்து. வண்டல் நிலத்தடி நீரை 50 முதல் 80 சென்ரிமீற்றர் வரையும் அதற்கு மேலும் விரைவாக உறிஞ்சி மேலே கொண்டுவரும். களியும் உறிஞ்சும், ஆனால் மெல்ல. அடிநீர் உவர்ப்பானால் வண்டல் தரையை வெறுமையாக விட்ட சில வாரத்தில் வெள்ளைப் பூச்சு தெரியும். மண்சாற்றின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமனைத் தாண்டினாலே வெங்காய விளைச்சல் குறையத் தொடங்கும், நெல்லுக்கு எல்லை 3, கௌபிக்கு ஏறத்தாழ 5. அங்கே உவர் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற நெல்லே பாதுகாப்பு. ஜிப்சம் போட்டால் எல்லா வண்டலும் இளகும் என்று கேள்விப்பட்டு வாங்க வேண்டாம். சோடியம் மிகுந்த மண்ணுக்கே அது உதவும், கழுவிய நீர் வடிய வழியும் இருக்க வேண்டும்.

நெல் மட்டும், ஆள்பலம் குறைவு, மெசினையே நம்பிச் செய்வது என்றால் களியை எடுங்கள். காணியைவிடத் தாழ்வாக நீர் வெளியேறும் வழி (வடிவாய்) ஒன்று இருந்து, அடிநீர் நல்லதாகவும் இருந்தால் கூடுதல் குத்தகை கொடுத்தும் வண்டலை எடுக்கலாம். வடிவாய் அடுத்தவர் காணிக்குள்ளால் போனால், அதைத் துப்புரவாக்க அவர் சம்மதத்தை முன்பணம் கொடுப்பதற்கு முன்னர் எழுத்தில் வாங்குங்கள்.