தோள் மூட்டு மாற்று: மூன்று வருடம் கழித்து ஒரு வரவு செலவுக் கணக்கு

2022 செப்டம்பரில் எனக்கு வலது தோள் மூட்டை மாற்றினார்கள். அப்போது வயது 62. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் 34 வருடம் கணக்கு எழுதிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். தோள் என்றால் மட்டும், "அதைக்கூட மாத்துவாங்களா?" என்று கேட்கிறார்கள். எனக்கும் அப்போது விவரம் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

கொடியில் துணி போடக் கை உயராமல் போனதில் ஆரம்பித்தது. அப்புறம் தலை வாரக்கூட இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. எம்ஆர்ஐயில், தோளைச் சுற்றியுள்ள தசைநாண்கள் எப்போதோ கிழிந்து சுருங்கிவிட்டன, இனித் தைக்க முடியாது என்று தெரிந்தது. அவை பிடித்து வைக்காததால் கை எலும்பின் பந்து மேலே ஏறி உரசிக்கொண்டிருந்தது. இதற்கு ரிவர்ஸ் ஷோல்டர், அதாவது தலைகீழ் மூட்டு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். படம் வரைந்தும் காட்டினார், எனக்கு ஏறவில்லை.

வீட்டில் மாவு ஆட்டும்போதுதான் புரிந்தது. பழைய ஆட்டுக்கல்லில் குழி நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி நிற்கும், குழி சுற்றும். நம் உடம்பில் பந்து கை எலும்பிலும் குழி தோள்பட்டை எலும்பிலும் இருக்கின்றன. இந்த அறுவையில் பந்தைத் தோள்பட்டையில் பதித்து, குழியைக் கை எலும்பின் தலையில் வைத்துவிடுகிறார்கள். கிழிந்த தசைநாண்களை நம்பாமல், தோளைத் தொப்பி போல மூடியிருக்கிற டெல்டாய்ட் தசையே கையைத் தூக்கிக்கொள்ளும். பால் கிராமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1985-ல் இந்த வடிவத்தைக் கொண்டுவந்தாராம். கோயம்புத்தூர் கிரைண்டரைப் பார்த்திருந்தால் இன்னும் சீக்கிரமே யோசித்திருப்பார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

சரி, பணம். கோவையில் இரண்டு மருத்துவமனைகளில் எஸ்டிமேட் கேட்டேன். ஒன்றில் 1,90,000 ரூபாய் பேக்கேஜ் என்றதும் சந்தோஷப்பட்டேன். கடைசி வரியில் பொடி எழுத்தில் "இம்ப்ளான்ட் தனி" என்று இருந்தது. தோள் மாற்றில் இம்ப்ளான்ட், அதாவது உள்ளே வைக்கிற செயற்கை மூட்டுதான் பெரிய செலவு. முழங்கால் இம்ப்ளான்ட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. அந்த ஆணையில் தோள் வரவில்லை. அதனால் எந்த கம்பெனி, என்ன மாடல், வரியோடு என்ன விலை என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் தேதி குறித்தேன். இரண்டாவது மருத்துவமனையில் அதைக் கேட்டதும் தயங்காமல் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயே செய்துகொண்டேன்.

என்னுடைய மருத்துவக் காப்பீட்டு பாலிசி 5 லட்ச ரூபாய், 2020 ஜூனில் எடுத்தது. மூட்டு மாற்றுக்கு 24 மாதம் காத்திருப்பு. விபத்தில் அடிபட்டிருந்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது, என்னுடையது தேய்மானம். டாக்டர் 2022 ஜனவரியிலேயே செய்யலாம் என்றார். ஜூன் முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். அந்த மாதங்களில் வலி மாத்திரைதான் சாப்பாடு. ஆனால் அந்த இடைவெளி வேறொரு விதத்தில் உதவியது. என் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, 8.6 இருந்தது. இப்படியே கத்தி வைத்தால் புண்ணில் கிருமி தொற்றும் ஆபத்து கூடும், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றிருந்தார். ராத்திரிச் சோற்றை விட்டு, காலையில் நடந்து, 7.2-க்குக் கொண்டுவந்தேன். ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்லையும் அதற்குள் பிடுங்கியாயிற்று. வாயில் கிருமியோடு மூட்டு வைக்க மாட்டார்களாம்.

இங்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன். எலும்பின் குழி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க சிடி ஸ்கேன் கேட்டார்கள். ஆர்வத்தில் அன்றைக்கே எடுத்துவிட்டேன். என் பாலிசியில் சேர்க்கைக்கு முந்தைய 30 நாள் செலவுதான் சேரும். நான் எடுத்தது சேர்வதற்கு 41 நாள் முன்பு. 5,500 ரூபாய் என் கையிலிருந்து போயிற்று.

வீட்டில் செய்த ஏற்பாடுகளில் ஈஸி சேர் தோல்வி. முதல் சில வாரம் சாய்ந்த நிலையில்தான் தூங்க வேண்டும் என்றதும் அண்ணன் வீட்டிலிருந்து துணி போட்ட ஈஸி சேரைத் தூக்கி வந்தோம். உட்கார சுகம்தான். எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். இந்த மூட்டு இடம் விலகுவதற்கு அப்படிப் பின்னால் ஊன்றுவதுதான் சுலபமான வழி. கடைசியில் கட்டிலில் நாலு தலையணையும் ஒரு திண்டும் வைத்துச் சாய்ந்து, வலது முழங்கைக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை கொடுத்துக்கொண்டேன். அதுதான் சரிப்பட்டது.

எனக்குத் தெரிந்து மிக நல்ல செலவு, பிளம்பருக்குக் கொடுத்த 450 ரூபாய். கழிப்பறையில் கழுவும் பைப் வலது பக்கம் இருந்தது. அதை இடது பக்கம் மாற்றச் சொன்னேன். "எதுக்குக்கா?" என்றார். காரணத்தைச் சொன்னதும் சிரிக்காமல் செய்து கொடுத்தார். எந்த டாக்டரும் இதைச் சொல்லவில்லை.

முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைத்த நைட்டி நாலு தைத்துக்கொண்டேன். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட இரண்டு வாரம் முன்பே பழகினேன். ரசம் சாதம் ஒரு மாதிரி வந்துவிட்டது, அப்பளம் மட்டும் வரவே இல்லை. காசு கொடுப்பதுதான் பெரிய சங்கடம். கடைக்காரரிடம் இடது கையை நீட்டும்போதெல்லாம், "தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று சொல்லியே ஆறு வாரம் ஓடியது. கோயிலில் குங்குமம் வாங்க வீட்டுக்காரர் கையை இரவல் வாங்கினேன்.

அறுவைக்கு முந்தைய நாட்களில் தோளிலும் அக்குளிலும் தடவ பென்சாயில் பெராக்சைடு ஜெல் கொடுத்தார்கள், முகப்பருவுக்குப் போடுவார்களே அதுதான். தோள் பகுதித் தோலில் குடியிருக்கிற ஒரு கிருமி இந்த மூட்டுக்கு எதிரியாம். ஜெல் துணியை வெளுக்கும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். என் அரக்கு நிற ரவிக்கையின் வலது தோளில் இன்றைக்கும் வெள்ளைத் திட்டு இருக்கிறது.

சேர்ந்த அன்று ஓர் இளம் டாக்டர் கேஸ் ஷீட் எழுத வந்தார். "வலி எத்தனை வருஷமாங்கம்மா?" நான் பேச்சுவாக்கில், "கழுத்து, தோளு எல்லாம் அஞ்சாறு வருஷமா இருக்குதுங்க" என்றேன். "தோள்வலி, 5 வருடம்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பாலிசி எடுத்து இரண்டேகால் வருடம்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலை, பாலிசிக்கு முன்பே இருந்த நோயா என்று இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து கேள்வி வந்துவிட்டது. எனக்குப் பழசு கழுத்து வலிதான். 2017-ல் கழுத்துக்கு எடுத்த எக்ஸ்ரேயும் மருந்துச் சீட்டும், தோளுக்கென்று முதன்முதலில் 2021-ல் காட்டிய சீட்டும் என் ஃபைலில் இருந்தன. டாக்டர் கேஸ் ஷீட்டைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் அனுமதி வந்தது. அந்த ஃபைலை எடுத்துப் போக வேண்டாம், சுமை என்று வீட்டில் சொன்னார்கள்.

அறுவை பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. கழுத்தோரம் ஊசி போட்டுக் கையை மரக்கச் செய்தார்கள். மயக்கம் தெளிந்து பார்த்தபோது என் மடியில் யாருடைய கையோ கிடந்தது. தொட்டால் சூடாக இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை. குரல் கம்மிப்போயிருந்தது, அந்த ஊசிக்கு அப்படி ஆவது உண்டு என்றார்கள். மறுநாள் விடியற்காலை மரப்பு விட்டதும் வலி ஒரே பாய்ச்சலாக வந்தது. ராத்திரியே நர்ஸ், "வலி வரதுக்கு முன்னாடி மாத்திரையைப் போட்டுருங்கம்மா" என்றார். வலிக்கவே இல்லையே என்று நான் போடவில்லை.

நான்காம் நாள் டிஸ்சார்ஜ். காலை பத்து மணிக்குச் சொன்னார்கள், இன்சூரன்ஸ் அனுமதி வந்தது இரவு ஏழரைக்கு. 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வைத்த விதிப்படி இப்போது முன் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம்தான். எங்கள் காலத்தில் அது இல்லை.

பில்லுக்கு வருகிறேன். மொத்தம் 4,28,500 ரூபாய். இம்ப்ளான்ட் 1,85,000. டாக்டர்கள், மயக்க மருத்துவர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்து 1,50,000. மருந்தும் பயன்பாட்டுப் பொருட்களும் 48,000. பரிசோதனைகள் 14,000. அறை நான்கு நாளுக்கு 30,000, அதன் மேல் 1,500 ஜிஎஸ்டி. ஒரு நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீத வரி என்று அந்த ஜூலையில்தான் வந்திருந்தது.

அறையில்தான் தவறு நடந்தது. என் பாலிசியில் அறை வாடகை உச்சம் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. அந்த விலையில் இரண்டு பேர் தங்கும் அறை இருந்தது. அண்ணன், "நாலு நாள்தானே, தனி ரூம் எடு, வித்தியாசத்தை நான் தர்றேன்" என்றார். 7,500 ரூபாய் அறை. வித்தியாசம் 10,000 தானே என்று நானும் தலையாட்டினேன். கணக்கு எழுதினவள் தலையாட்டினேன்!

வாடகையில் மூன்றில் இரண்டு பங்குதான் எனக்கு உரிமை என்றால், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் செலவிலும் மூன்றில் இரண்டு பங்குதான் தருவார்கள். விகிதாச்சாரக் கழிவு என்று பெயர். அதில் 50,000 போயிற்று. அறை வித்தியாசமும் வரியும் 11,500. ஆக 61,500 ரூபாய்க்கு நான் ஒரு ஜன்னலும் ஒரு சோபாவும் வாங்கியிருக்கிறேன். கையுறை, முகக்கவசம் போன்ற, எப்போதுமே தராத சாமான்களுக்கு 11,200. இதுவரை கோபம் வந்தாலும் நியாயம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

கழிவுப் பட்டியலின் அடுத்த வரிதான் கண்ணை உறுத்தியது. இம்ப்ளான்ட்டிலும் மூன்றில் ஒரு பங்கு, 61,666 ரூபாய், வெட்டியிருந்தார்கள். மொத்தம் 1,34,366 கட்டிவிட்டு வெளியே வந்தோம். வீட்டில் சாய்ந்து கிடந்தபடி பாலிசி புத்தகத்தை இடது கையால் புரட்டினேன். "தொடர்புடைய மருத்துவச் செலவுகள்" என்பதன் விளக்கத்தில் மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை ஆகியவை சேராது என்று தெளிவாக இருந்தது. அறை எதுவானாலும் இரும்பு விலை ஒன்றுதானே. ஒழுங்குமுறை ஆணையமே 2020-லிருந்து அப்படித்தான் வைத்திருக்கிறது. அறைக்குத் தக்கபடி கட்டணம் மாறாத மருத்துவமனையாக இருந்தால் அந்த 50,000-ஐக்கூட வெட்டக் கூடாது. என்னுடையது மாறுகிற இடம், அங்கே வாய் திறக்க முடியவில்லை.

கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். பதில், "பாலிசி விதிகளின்படி சரியே." எந்த விதி என்று கேட்டு, பக்க எண்ணோடு அவர்கள் புத்தகத்தையே படம் பிடித்து மறுபடி அனுப்பினேன். ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும் பதிந்தேன். அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது புகாரை விசாரித்து முடிவு சொல்கிற அதிகாரி, இருக்கிறார். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அவ்வளவு தூரம் போகவில்லை. 52-வது நாள் 61,666 ரூபாய் என் கணக்கில் விழுந்தது. பைசா சுத்தம். கூடவே ஒரு வரி வருத்தம் தெரிவித்திருக்கலாம்.

அப்போது கைகொடுத்தது இம்ப்ளான்ட் ஸ்டிக்கர். பெட்டியிலிருந்து பிரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், மாடலும் லாட் எண்ணும் அதில்தான் இருக்கும். நகலும் தனி இன்வாய்சும் கேட்டு வாங்குங்கள்.

பில்லில் வராத செலவும் இருக்கிறது. டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை பிசியோதெரபி சீட்டோடு இருந்தால் பாலிசியில் கிடைத்தது. எனக்கு ஐந்து மாதம் தேவைப்பட்டது. மீதி நாட்களுக்கு ஒரு தடவைக்கு 400 வீதம் 28 தடவை, 11,200. கையுறைக்குப் போன அதே தொகை, தற்செயல்தான். ஈரோட்டுக்கும் கோவைக்கும் டாக்சி, கூட இருந்த தங்கச்சியின் சாப்பாடு என்று ஒரு 14,000.

இப்போது கை எப்படி? மேல் பரணிலிருந்து முறுக்குப் பிழியும் அச்சை எடுக்கிறேன். கொடியில் துணி போடுகிறேன், கோலம் போடுகிறேன், அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலியில்லை. முதல் வருடம் முழுக்க மெதுவாகத்தான் கூடிக்கொண்டு வந்தது. மூன்றாம் மாதம் காசு தண்டம் என்றே நினைத்தேன். முதுகுப் பக்கம் கை போகாது, அது வரவே இல்லை. ரவிக்கைக் கொக்கிகளை எல்லாம் முன்பக்கம் மாற்றியாயிற்று, சேலையைப் பின்னால் செருகத் தங்கச்சி வந்தால் உண்டு. பின்னல் போய்க் கொண்டை ஆயிற்று. குடம் தண்ணீர், அரிசிச் சிப்பம் எதையும் தூக்குவதில்லை. பல் டாக்டரிடம் போனால் உட்காரும் முன்பே மூட்டு மாற்றியதைச் சொல்லிவிடுகிறேன்.

பாலிசியை அறை வாடகை வரம்பில்லாத வேறொன்றுக்குப் போர்ட் செய்து, அதாவது மாற்றி, விட்டேன். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பழைய காத்திருப்புக் காலம் வீணாகாது. பிரீமியம் கூடத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது கொஞ்சம் ஆறுதல். இடது தோளிலும் இப்போது லேசாக ஒரு சத்தம் கேட்கிறது. வருடாந்திர எக்ஸ்ரேக்குப் போகும்போது அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.