புகையிலை வெட்ட பேட்டரி கத்தரி: பிசினைப் பற்றி யாரும் சொல்லவில்லை

விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று ஒட்டன்சத்திரத்து மச்சான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். போனில் சொல்லி மாளாது, இங்கேயே எழுதிவிடுகிறேன். கொய்யா, மாதுளை வைத்திருப்பவர்கள் எல்லாரும் வாங்கும் அதே 21 வோல்ட் கவாத்துக் கத்தரிதான். நான் சொல்வது புகையிலைக்கு மட்டும்.

வேடசந்தூர் பக்கம் நாங்கள் போடுவது மெல்லும் புகையிலை. ஆந்திராவில் வர்ஜீனியா ரகப் புகையிலையை அடியிலிருந்து பழுக்கப் பழுக்க இலை இலையாக ஒடிப்பார்கள், நாங்கள் செடியையே தண்டோடு வெட்டிச் சாய்க்கிறோம். ஒடிப்பவர்களுக்குக் காலை நேரம் தோது, இலையில் தண்ணீர் ஏறி விறைத்திருப்பதால் காம்பு டக்கென்று சுத்தமாக விட்டுவிடும். எங்களுக்கு அந்த விறைப்புதான் எதிரி. செடி சாயும்போது நடுநரம்பு முறியும், கசங்கிய இடம் கறுத்துப்போகும், வியாபாரி அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார். அதனால் வெயில் ஏறி இலை துவண்ட பிறகுதான் கத்தரியை வெளியே எடுப்பேன்.

வெட்டுவதில் குறை சொல்ல முடியாது. இந்தத் தண்டுக்குப் பலமெல்லாம் வெளிப்பட்டை நாரிலும் அதை ஒட்டிய கட்டையிலும்தான், நடுவில் தெர்மாக்கோல் மாதிரி வெறும் சோறு. நடுத்தரச் செடி என்றால் பட்டனை அழுத்தியதே தெரியாது. அடித்தண்டு 2 செ.மீ.க்குப் பதில் 3 செ.மீ. இருந்தால் வெட்டவேண்டிய பரப்பு ரெண்டேகால் மடங்கு ஆகிவிடும், அங்கேதான் மோட்டார் முனகும், பீப் அடித்து நின்றும் போகும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போய்விடுகிறது. அரிவாள் வீசி வீசி வருகிற மணிக்கட்டு வலி சுத்தமாக இல்லை, இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் பிசின். புகையிலை ரோமத்தில் சுரக்கிற அந்தப் பிசின், கையைக் கறுப்பாக்குமே, அது ரெண்டு பிளேடுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து தூசியோடு சேர்ந்து இறுகுகிறது. இடைவெளி விலகுகிறது, கடைசி நார் மட்டும் வெட்டுப்படாமல் மடங்கி நிற்கிறது, செடி தன் பாரத்திலேயே சாய்ந்து பட்டையைக் கீழே வரை உரித்துக்கொண்டு விழுகிறது. அரிவாளில் இந்தத் தொல்லையே கிடையாது, வீச்சின் வேகத்தில் நாரும் சேர்ந்தே போய்விடும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் இலையில் வாடை ஏறும். கொரோனா காலத்துச் சானிடைசர் பாட்டில்கள்தான் இப்போது கைகொடுக்கின்றன, அதிலுள்ள சாராயத்தில் பிசின் கரைகிறது. நாலு வரிசைக்கு ஒருமுறை நின்று துடைக்க வேண்டும், அதற்குள் கையுறை பட்டனோடு ஒட்டிக்கொள்ளும். கையுறையைக் கழற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஈர இலையின் நிக்கோட்டின் தோல் வழியாகவே ஏறி வாந்தியும் தலைசுற்றலும் வரும்.

சர்வீஸ்காரரிடம் கேட்டால் "கொய்யாவுக்கு இப்படி வராதே சார்" என்கிறார். கொய்யாவுக்கு வராது என்று எனக்கும் தெரியும்! பழுது பார்த்து வந்த அன்றே மறுபடி நார் உரிந்தது.

ஆகவே மச்சான், புகையிலைக்கு என்றால் வாங்காதீர்கள், எந்த விலைக்கும். நான் நேற்று இதற்கே மாற்று பிளேடும் இன்னொரு பேட்டரியும் ஆர்டர் போட்டிருக்கிறேன், ஏன் என்று கேட்காதீர்கள்.