தி குட், தி பேட் அண்ட் தி அக்லி: ஒரே படம், ஐந்து டிஸ்க்

என்னிடம் ஒரே படத்துக்கு ஐந்து டிஸ்க் இருக்கிறது. செர்ஜியோ லியோனே இயக்கி 1966-ல் வந்த கௌபாய் படம் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'. இருபது வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாக வாங்கியது. அலமாரியைப் பார்க்கிற நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எல்லாம் ஒரே படம்தானே, எதுக்கு அஞ்சு?"

ஒரே படம் இல்லை. ஐந்திலும் வானம் வேறு வேறு நிறம். துப்பாக்கிச் சத்தம் இரண்டு விதம். ஒன்றில் விசில் இசையின் சுருதியே மாறிவிட்டது. பழைய படங்களை வீட்டில் பார்க்க விரும்புகிறவர்கள் காசு செலவழிக்கும் முன் இதெல்லாம் தெரிந்துகொண்டால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது 1998-ல் வெளியான அமெரிக்க டிவிடி. அமெரிக்கத் திரையரங்குகளில் 1967 கடைசியில் ஓடிய 161 நிமிடப் பதிப்பு, ஆங்கில மோனோ ஒலி, அதாவது எல்லாச் சத்தமும் ஒரே தடத்தில். அகலத்திரைப் படத்தை அந்தக் காலத்துச் சதுர டிவிக்காக மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு பதிந்திருப்பார்கள். டிவிடியின் 480 கோட்டில் படத்துக்கு வந்து சேர்வது சுமார் 270 கோடுதான். சதுர டிவியில் அது உறுத்தவில்லை. அகல டிவி வாங்கியதும் நான்கு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால் அட்டை அளவுக்குப் படம். பெரிதாக்கினால் முகமெல்லாம் கலங்கிவிடும். சரி, இதற்கு ஆயுள் முடிந்தது என்று கீழ்த்தட்டில் வைத்துவிட்டேன்.

அடுத்தது, சித்தப்பா மகன் லண்டனிலிருந்து வரும்போது வாங்கிவந்த இரட்டை டிஸ்க் டிவிடி. 2003-ல் அமெரிக்காவில் இந்தப் படத்தை மீட்டெடுத்து, அங்கே வெட்டப்பட்டிருந்த காட்சிகளையெல்லாம் சேர்த்து 179 நிமிடமாக நீட்டினார்கள். அதன் பிரிட்டன் வெளியீடு இது. பிரித்ததும் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: 171 நிமிடம். எட்டு நிமிஷத்தை எங்கோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து காட்சி காட்சியாகச் சரிபார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

விடையைக் கண்டுபிடித்தது என் மனைவி. பன்னிரண்டு வருஷம் வாய்ப்பாட்டு கற்றவர். இந்தப் படத்துக்கு இசையமைத்த எனியோ மோரிகோனேயின் இசைத்தட்டு எங்கள் வீட்டில் அடிக்கடி ஓடும். டிவிடியில் தலைப்பு இசை தொடங்கியதும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, இது சுருதி ஏறியிருக்கே?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரே சுருதிப் பெட்டியை எடுத்துவந்து முதலில் சிடியோடு சேர்த்தார், பிறகு டிவிடியை ஓடவிட்டார். சேரவே இல்லை. நுண்சுருதிக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, அரைக்கட்டைக்குச் சற்று முன்னால் வந்து நின்றதும் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த நிமிஷம் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

காரணம் எளிது. சினிமா ஒரு விநாடிக்கு 24 சட்டகம் ஓடும். ஐரோப்பிய டிவி முறையான பிஏஎல்-இல் விநாடிக்கு 25. அந்த ஊர் டிவிடிகளில் பெரும்பாலும் 24-ஐ அப்படியே 25-ஆக ஓட்டிவிடுவார்கள். படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும், 179 நிமிடம் 171 சொச்சம் ஆகும். ஒலியும் கூடவே வேகமாவதால் சுருதி ஏறும். அரைக்கட்டையை நூறாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய எழுபது பங்கு. வசனத்தில் அது சட்டென்று தெரியாது. இசையைத் தெரிந்து வைத்திருந்தால் விடாது. டிவிடிக்கு அடுத்து வந்த புளூரேயில் படம் 24-லேயே ஓடுவதால் இந்தத் தொல்லை ஒழிந்தது. ஐரோப்பிய டிவிடிகள் பழைய கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. இசைக்காகப் படம் பார்க்கிறவர்கள் ஓடும் நேரத்தை ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

அதே டிவிடியில் என்னை அதைவிட வருத்தியது ஒலித்தடம். ஆங்கிலத்துக்கு, சுற்றிலும் வைத்த ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த 5.1 ஒலி மட்டும்தான், பழைய மோனோ இல்லை. புதிதாகச் சேர்த்த காட்சிகளுக்கு ஆங்கிலக் குரல் இல்லாததால் படத்தின் நாயகர்கள் கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் மறுபடி வந்து பேசியிருக்கிறார்கள். ஒருவருக்கு எழுபது தாண்டியாயிற்று, இன்னொருவருக்கு எண்பது தாண்டியாயிற்று. மூன்றாமவர் லீ வான் கிளீஃப் 1989-லேயே இறந்துவிட்டார், அவருக்கு வேறொருவர் குரல். ஐம்பது வயது முகத்திலிருந்து எண்பது வயதுக் குரல் வரும்போது மனசு சட்டென்று படத்தைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. வாலக் எவ்வளவோ முயன்றிருக்கிறார். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் தொண்டை காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்த 18 நிமிடமும் எனக்குத் தனி இணைப்பாகப் பார்த்தால் போதும்.

துப்பாக்கிச் சத்தம்தான் பெரிய இழப்பு. மோனோவில் இந்தப் படத்தின் சுடும் ஓசை வேறெந்தப் படத்திலும் கேட்காத ஒன்று: சுள்ளென்று ஒரு வெடிப்பு, அதன் வாலில் எங்கோ பட்டுத் தெறிக்கும் ஒரு நீண்ட கீச்சு. தூக்குக் கயிற்றைத் தூரத்திலிருந்து சுட்டு அறுக்கும் காட்சியில் முதலில் அந்தச் சத்தம், கயிறு அறுவது, குதிரை பாய்வது, இது மூன்றும் ஒரே தாளக்கட்டில் வரும். 5.1-இல் அந்த இடத்தில் நவீன வெடி. கனமாக, நெஞ்சில் இடிக்கிற மாதிரி இருக்கிறது. தனியாகக் கேட்டால் நல்ல சத்தம். ஆனால் மோரிகோனேயின் இசையோடு ஒட்டவில்லை. அந்த இசையிலேயே சாட்டையடி, விசில், மனிதக் கூக்குரல் என்று ஓசைகள் கலந்திருக்கும். பழைய துப்பாக்கிச் சத்தமும் அதன் உறவுக்காரன். அதை எடுத்துவிட்டால் வாத்தியக்குழுவிலிருந்து ஒருவரை அனுப்பிவிட்டது போல ஆகிவிடுகிறது.

இந்த ஒரு படத்தோடு முடிகிற கதையில்லை இது. 'ஜாஸ்' 1975-ல் மோனோவில் வந்து, ஒலிக்காக ஆஸ்கரும் வாங்கியது. 2000-ல் வந்த அதன் டிவிடியில் அந்தப் பரிசு பெற்ற ஒலியே இல்லை. மறுகலவை செய்த 5.1 மட்டும்தான். 2005 டிவிடியில்தான் மோனோ திரும்பியது. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வை 1996-ல் மீட்டபோது காலடியோசை, துப்பாக்கியோசை எல்லாம் புதிதாகப் பதிந்தார்கள். அங்கே இசை பிரமாதமாக விரிந்து கேட்கும். அதே நேரம் புதுக் காலடிகள் அந்த மௌனமான காட்சிகளின் மேல் நடப்பது போல இருக்கும். பழைய படத்தில் வசனம், இசை, ஓசை மூன்றும் தனித்தனித் தடமாகத் தேறாவிட்டால், பிரித்தெடுக்க முடியாததைப் புதிதாகப் பதிகிறார்கள். கட்டாயம் புரிகிறது. பழையதையும் ஓர் ஓரத்தில் சேர்த்து வைத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி. மோனோ தடம் டிஸ்க்கில் பிடிக்கும் இடம் மிகக் கொஞ்சம்.

மூன்றாவது, 2009-ல் வந்த புளூரே. அதே 179 நிமிடம், அதே 5.1. படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மெழுகு. டெக்னிஸ்கோப் முறையில் எடுத்த படம் இது. வழக்கமான 35 மி.மீ. சட்டகம் ஃபிலிம் ஓரத்துத் துளைகளில் நான்கு துளை உயரம் என்றால் இதில் இரண்டு துளைதான். ஃபிலிம் பாதி மிச்சம், அதனால் ஒவ்வொரு சட்டகமும் சின்னது, பெரிதாக்கும்போது மணிமணியாகத் துகள் தெரியும். அதைக் குறை என்று எண்ணி மென்பொருளால் வழித்துவிட்டால் தோலும் கூடவே போய்விடும். படத்தின் முதல் காட்சியே வெட்டவெளியை மறைத்துக்கொண்டு எழும் ஒரு முகம். வெடிப்பும் வடுவும் நிறைந்த முகம் அது. முகத்தையே நிலப்பரப்பு மாதிரிக் காட்டுவதற்காக வைத்த காட்சி. 2009 டிஸ்க்கில் அந்தப் பரப்பு வழவழவென்று இருக்கிறது.

நான்காவது 2014 புளூரே. புதிதாக 4கே-யில் ஸ்கேன் செய்தது. துகள் அழகாகத் திரும்பிவிட்டது, சட்டைத் தையல்கூடத் தெரிகிறது. முதல் பத்து நிமிஷம் ஆனந்தமாகப் பார்த்தேன். அப்புறம்தான் மேகத்தைக் கவனித்தேன், வெண்ணெய் நிறத்தில் இருந்தது. படம் முழுவதும் ஒரு மஞ்சள் பூச்சு.

நிறத்தைச் சோதிக்க இந்தப் படத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. கதை நடப்பது அமெரிக்க உள்நாட்டுப் போரில். பாலைவனத்தில் குதிரைப்படை வருகிறது. சாம்பல் நிறச் சீருடை, ஆகவே தெற்குப் படை என்று நினைத்து, வாலக் நடிக்கும் டூக்கோ உற்சாகமாகக் கத்தி வாழ்த்துகிறான். கிட்டே வந்த அதிகாரி கையுறையால் சட்டைக்கையைத் தட்டுகிறார். புழுதி உதிர்கிறது. அடியில் நீலம், வடக்குப் படை. அந்த ஒரு தட்டில்தான் காட்சியே திரும்புகிறது. 1998 டிவிடியில் கோடு குறைவாக இருந்தாலும் நீலம் பளிச்சென்று தெரியும். 2014-ல் புழுதியும் மஞ்சள், நீலமும் மஞ்சளில் மங்கியிருக்கிறது. கதை தெரிந்த எனக்குப் புரிகிறது. அன்று முதன்முறை பார்த்த என் மகன், "ஏன்பா அவங்க மூஞ்சி மாறுச்சு?" என்று கேட்டான்.

இயக்குநரே நிறத்தை மாற்றிய சங்கதியும் உண்டு. 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' 2009 புளூரேயில் வில்லியம் ஃபிரீட்கின் நிறத்தை வெளிற வைத்தார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் வெளிப்படையாகவே எதிர்த்தார். 2012-ல் வேறு நிறத்தோடு மறுபடி வெளியிட்டார்கள். அட்டையில் 'மீட்டெடுத்த பதிப்பு' என்று இருப்பதை மட்டும் நம்பி நான் இப்போது வாங்குவதில்லை. யார், எதைப் பார்த்து நிறம் வைத்தார்கள் என்று தேடிப் படித்துவிட்டே வாங்குகிறேன்.

ஐந்தாவது, 2017-ல் கினோ லார்பர் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ஐம்பதாவது ஆண்டுப் புளூரே. அதே 4கே ஸ்கேன்தான், ஆனால் மஞ்சளை இறக்கியிருக்கிறார்கள். மேகம் வெள்ளையாக இருக்கிறது. சட்டைக்கையில் நீலம் நீலமாகவே வருகிறது. முக்கியமாக, திரையரங்குப் பதிப்பு மோனோ ஒலியோடு இருக்கிறது. நீட்டிய பதிப்பு இன்னொரு டிஸ்க்கில். நான் இப்போது ஓட்டுவது இதைத்தான். ஒரே சிக்கல், வட்டாரப் பூட்டு. அமெரிக்க டிஸ்க் ஏ வட்டாரம், இந்தியா சி வட்டாரம். நம் ஊர்க் கருவியில் ஏறாது. எல்லா வட்டாரமும் ஓடுகிற பிளேயர் வாங்கத் தனியாகச் செலவு செய்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. 2021-ல் அதே நிறுவனம் திரையரங்குப் பதிப்பை 4கே டிஸ்க்காகக் கொண்டுவந்தது. 4கே டிஸ்க்குக்கு வட்டாரப் பூட்டு கிடையாது.

மோனோவைக் கேட்கும் விதம் பற்றியும் சொல்லவேண்டும். பல டிஸ்க்குகளில் மோனோவை இரண்டு தடமாக, அதே ஒலியை இடமும் வலமுமாகப் பதிந்திருப்பார்கள். ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரை 'ஸ்டீரியோ'வில் வைத்தால் இரண்டு ஸ்பீக்கரும் பேசும். நீங்கள் நடுவில் உட்காராவிட்டால் குரல் ஒரு பக்கமாக ஒதுங்கும். திரையரங்கில் மோனோ வந்தது திரைக்குப் பின்னால் நடுவிலிருந்து. ரிசீவரில் 'டால்பி சரவுண்ட்' அல்லது பழைய கருவியானால் 'புரோ லாஜிக்' போட்டால், இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்பதைக் கண்டுகொண்டு நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். எனக்கு இது தெரியவே நாலு வருஷம் ஆனது. டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்து, ஷார்ப்னஸையும் கீழே இறக்கிவிடுங்கள்.

உதடும் குரலும் ஒட்டவில்லை என்று டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். படப்பிடிப்பில் நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசி, பிறகுதான் குரல் சேர்த்தார்கள். எந்தப் பதிப்பிலும் முழுசாக ஒட்டாது.

இதையெல்லாம் ஒப்பிடும்போது நம் படங்களின் நினைவு வந்து நெஞ்சு அடைக்கிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜ ராஜ சோழன்' 1973-ல் வந்தது. அகலத்துக்காகவே அரங்கம் போட்டு எடுத்த அப்படிப்பட்ட படங்களை இரண்டு ஓரமும் வெட்டி, மூலையில் முத்திரை குத்திய டிஸ்க்குகளில்தான் நான் பார்த்திருக்கிறேன். எது சரியான நிறம் என்று சண்டை போடக்கூட நமக்கு இரண்டு பதிப்பு கிடைப்பதில்லை.

1998 டிவிடியை மட்டும் கீழ்த்தட்டிலிருந்து மேலே எடுத்து வைத்திருக்கிறேன். படம் பார்க்க அல்ல. புது வெளியீடு எதைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கயிறு அறுக்கும் காட்சியை இதில் ஒருமுறை ஓடவிட்டு, கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, அப்புறம் புதியதைப் போடுகிறேன். போன வாரமும் அப்படித்தான் போட்டேன். தலைப்பு இசை வந்ததும் மனைவி சமையலறையிலிருந்தே சொன்னார், "இது சரியான சுருதி."