1050 டிஐ என்று விற்றார்கள், உள்ளே இருந்தது 2010-ஆம் ஆண்டு கார்டு

மதுரையில் பழைய கணினியோ தனியாக கிராஃபிக்ஸ் கார்டோ வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். கடைக்காரர் தன் தப்பை லினக்ஸ் தலையில் கட்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டரை மாதம் நானும் அதை நம்பினேன்.

நான் திருமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழில் பாட வீடியோ செய்கிறேன். செல் பிரிதல், கிரகணம் மாதிரி பாடங்களைப் பலகையில் எவ்வளவு வரைந்தாலும் சில பிள்ளைகளுக்குப் பிடிபடாது. அதையே பிளெண்டர் என்ற முப்பரிமாண அசைபட மென்பொருளில் அசைத்துக் காட்டினால் ஒரே தடவையில் புரிந்துகொள்கிறார்கள். பத்து வருடமாக லினக்ஸ்தான் பயன்படுத்துகிறேன், இப்போது அதில் மின்ட் 22 என்ற வகை. பழைய கணினியில் ஒரு நிமிட அசைபடம் ரெண்டர் ஆக, அதாவது கணினி அதை வீடியோவாக வரைந்து முடிக்க, ராத்திரி முழுக்க ஓடும். அதனால்தான் கார்டுள்ள கணினி ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தேன்.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் வாங்கினேன். பெயரைச் சொல்லவில்லை, விஷயம் இன்னும் முடியவில்லை. நான்காம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கார்டு, எல்லாம் சேர்த்து 23,500 ரூபாய். அதில் கார்டுக்கு மட்டும் 6,500. கடையிலேயே விண்டோஸைத் திறந்து காட்டினார்கள். டிவைஸ் மேனேஜரில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்றுதான் இருந்தது. பெட்டி புதிது, ஸ்டிக்கர் புதிது, விசிறியில் ஒரு துளி தூசி இல்லை. பில் கேட்டதற்கு ஒரு எஸ்டிமேட் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சீரியல் எண் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது அந்தத் தம்பி சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. "சார், இந்தக் கார்டுக்கு நெட்ல இருந்து டிரைவர் எடுத்துறாதீங்க. நாங்க தர்ற பென்டிரைவ்ல இருக்குறதத்தான் போடணும்." டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள். ஏதோ அக்கறையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எந்தக் கடைக்காரராவது இப்படிச் சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் வந்து மின்ட் நிறுவினேன். திரையில் படம் நன்றாகவே வந்தது. லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே நூவோ என்ற கட்டற்ற டிரைவர் இருக்கிறது, இந்தச் சிப்புகளின் நிறுவனமான என்விடியாவின் கார்டைப் பார்த்ததும் அதுவாகவே வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் ரெண்டர் செய்ய அது போதாது, என்விடியாவின் சொந்த டிரைவர் வேண்டும். மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், போடுவதற்கு எதுவும் இல்லை என்றது. 1050 டிஐ-க்கு என்விடியா டிரைவரின் 535 வரிசை ஓடும் என்று எனக்குத் தெரியும். சரி, மேனேஜரில் ஏதோ பிழை என்று நினைத்து டெர்மினலில் நானே 535-ஐ நிறுவினேன். மறுபடி தொடங்கியதும் கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

ரெகவரி மோடில் போய் டிரைவரை நீக்கினால் படம் திரும்பும். திரும்பப் போட்டால் மறுபடி கறுப்பு. 470 போட்டேன், 550 போட்டேன். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தேன். கார்டைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினேன். கோடை விடுமுறையில் பாதி இப்படியே போனது.

கடைக்குப் போனேன். "சார், இது லினக்ஸ் சப்போர்ட் இல்லாத கார்டு. நீங்க அத ஏத்துனதுமே எங்க வாரண்டி போச்சு" என்றார்கள். விண்டோஸில் ஓடியதைப் பார்த்தீர்கள் அல்லவா, அப்புறம் என்ன என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். பிறகு இன்னொரு சர்வீஸ்காரரை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, பவர் சப்ளை கார்டுக்குப் பத்தவில்லை என்று சொல்லி 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் சொன்னதைக் கேட்டு 2,400 ரூபாய்க்குப் புது பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்) வாங்கி மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஜூலையில் என்னிடம் படித்த பையன் ஒருவன் பார்க்க வந்தான். பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் திருப்பரங்குன்றத்தில் கணினி பழுது பார்க்கிறான். கணினியை ஆன் செய்யக்கூட இல்லை. கேபினெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததுமே கேட்டான்.

"சார், இதுல விஜிஏ போர்ட் இருக்கு. 1050 டிஐ-ல ஏது சார் விஜிஏ?"

அவன் சொன்னது சரி. 1050 டிஐ 2016 அக்டோபரில் வந்த பாஸ்கல் தலைமுறைக் கார்டு. அந்தத் தலைமுறையிலேயே என்விடியா திரையை இணைக்கும் பழைய அனலாக் வெளியீட்டை எடுத்துவிட்டது. டிவிஐ, ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும், நீல நிற விஜிஏ இருக்காது. என் கார்டில் அந்த நீல போர்ட் பளிச்சென்று இருந்தது. கார்டுக்கு மேலே ஆறு ஊசி மின் இணைப்பும் இருந்தது. 1050 டிஐ-க்கு 75 வாட் போதும், அதை ஸ்லாட்டே கொடுத்துவிடும் என்பதால் பல மாடல்களில் அந்த இணைப்பு கிடையாது. சில மாடல்களில் உண்டு, அதனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. விஜிஏ-வை வைத்து வரலாம்.

அப்புறம் டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-பி-சி-ஐ (lspci) என்று ஐந்து எழுத்து அடித்தான், கணினியில் செருகியிருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை அது. அந்த வரியை நான் அதற்கு முன்னால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என்ன கார்டு என்றுதான் பெட்டியிலேயே போட்டிருக்கிறதே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். திரையில் வந்தது: என்விடியா, ஜிஎஃப்106, ஜிஃபோர்ஸ் ஜிடிஎஸ் 450. ஜிஎஃப்106 என்பது சிப்பின் பெயர், ஜிடிஎஸ் 450 கார்டின் பெயர்.

டி-எம்-இ-எஸ்-ஜி (dmesg) கட்டளையில் கெர்னல் பதிவையும் பார்த்தோம். நூவோவும் ஜிஎஃப்106 என்றே எழுதியிருந்தது. இது எப்படி நடக்கிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மோசடியில் கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை நிரலான பயாஸிலோ, கூடவே தருகிற டிரைவரிலோ பெயரை மாற்றி எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் "எங்கள் பென்டிரைவ்" என்று அவ்வளவு அழுத்திச் சொன்னார்கள். நூவோ அந்தப் பெயரைக் கேட்பதே இல்லை. கார்டைத் தொட்டதும் சிப்பின் முதல் பதிவேட்டை நேரடியாகப் படித்து, அது எந்தச் சிப் என்று தானே தெரிந்துகொள்கிறது. என்விடியா ஒரு ஆவணமும் தராத காலத்தில், கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியே இருந்து பார்த்துப் பார்த்தே தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர் அது. 2010-இல் வந்த 2.6.33 கெர்னலில் சேர்ந்தது. கடைக்காரர் என்னிடம் மறைத்ததை முதல் நாளே எனக்கு எழுதி வைத்திருக்கிறது, நான்தான் வாசிக்கவில்லை.

இன்னொன்றும் கிடைத்தது. நான் 535 போட்டுத் தோற்ற நாட்களின் பழைய பதிவுகள் வட்டில் அப்படியே இருந்தன. பையன் அதைத் தோண்டி எடுத்தான். என்விடியாவின் டிரைவரே எழுதியிருக்கிறது: இந்தக் கணினியில் உள்ள ஜிடிஎஸ் 450-க்கு 390 வரிசைப் பழைய டிரைவர்தான் உண்டு, 535 டிரைவர் இந்தக் கார்டைக் கண்டுகொள்ளாது. எத்தனை ராத்திரி அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். விடை அதே கணினிக்குள் இருந்திருக்கிறது.

ஆனாலும் என் மனது கேட்கவில்லை. மென்பொருள் தப்பாகச் சொல்லலாமே என்றேன். "அப்ப கழட்டிப் பாத்துருவோம் சார்" என்று கார்டை மேசையில் செய்தித்தாள் விரித்துக் கவிழ்த்தான். பின்னால் ஸ்பிரிங் வைத்த நாலு திருகு. கழற்றி, ஹீட் சிங்கை மெல்ல இடது வலமாகத் திருகித் தூக்கினான். சாம்பல் நிறப் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி ஒட்டியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கத் துடைக்கச் சிப்பின் மேல் எழுத்து தெரிந்தது: ஜிஎஃப்106-250-கேஏ-ஏ1. அது ஜிடிஎஸ் 450-இன் சிப். 1050 டிஐ-யாக இருந்தால் ஜிபி107-400-ஏ1 என்று இருக்க வேண்டும். விசிறியும் மூடியும் மட்டும் புதிது. போர்டின் விளிம்பில் சாலிடர் கறுத்திருந்தது, எத்தனை வருடம் எங்கே ஓடியதோ.

ஜிடிஎஸ் 450 வெளிவந்தது 2010 செப்டம்பரில். ஃபெர்மி தலைமுறை. 192 கோர் (கணக்கிடும் அலகு), 106 வாட், வழக்கமாக 1 ஜிபி நினைவகம். 1050 டிஐ-யில் 768 கோர், 4 ஜிபி. வேக வித்தியாசத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. இந்தக் கார்டு என் வேலைக்கு எந்த வழியிலும் உதவாது. பிளெண்டர் 2019-இல் வந்த 2.80 பதிப்பிலேயே ஃபெர்மியைக் கைவிட்டுவிட்டது. வீடியோ பதிவுக்கு உதவும் என்விஎன்க் என்கோடர் அடுத்த தலைமுறையான கெப்ளரில்தான் வந்தது, இந்தச் சிப்பில் அது கிடையவே கிடையாது. 390 டிரைவருக்கு என்விடியா 2022 முடிவோடு ஆதரவை நிறுத்திவிட்டது. மின்ட் 22-க்கு அடிப்படையான உபுண்டு 24.04-இல் அந்த டிரைவரே இல்லை. டிரைவர் மேனேஜர் "போடுவதற்கு எதுவும் இல்லை" என்று சொன்னது பிழை அல்ல, உண்மை. நூவோவில் படம் வரும், ஆனால் இந்தத் தலைமுறைக் கார்டுகளை அதனால் முழு வேகத்துக்கு ஏற்ற முடியாது. பூட் ஆகும்போது என்ன வேகமோ அதே வேகம்தான்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உண்மையான 1050 டிஐ கிடைத்திருந்தாலும் நூவோவில் அது மெதுவாகத்தான் ஓடியிருக்கும். 900 வரிசையிலிருந்து வந்த கார்டுகளில் என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் வேகத்தைக் கூட்ட முடியாது. 2022 மே மாதம் என்விடியா திறந்து வெளியிட்ட கெர்னல் மாட்யூலும் பாஸ்கலுக்குப் பின்னால் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் பொருந்தும், 1050 டிஐ சேர்ந்த 10 வரிசைக்குக் கிடையாது. பாஸ்கலுக்கு மூடிய டிரைவர்தான் வழி, அதிலும் 580 வரிசையோடு புதுப் பதிப்புகள் நிற்கின்றன. ஆகவே லினக்ஸுக்கென்று இப்போது பழைய 10 வரிசைக் கார்டு தேடுகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் விஷயம் இது அல்ல. "லினக்ஸுக்கு ஆதரவில்லாத கார்டு" என்று அவர்கள் சொன்னது பொய். பதினைந்து வருடத்துக்கு முந்தைய கார்டைப் பெயர் மாற்றி விற்றார்கள்.

கடைக்குப் போகும்போது லினக்ஸ் லைவ் பென்டிரைவ் ஒன்று கையில் இருக்கட்டும். எதையும் நிறுவ வேண்டாம், அதிலிருந்து பூட் செய்தால் போதும். நான் சொன்ன இரண்டு கட்டளைகளையும் அடித்து, வருகிற பெயரைப் பெட்டியில் உள்ள பெயரோடு பாருங்கள். ஐந்து நிமிட வேலை. விண்டோஸில்தான் பார்ப்போம் என்றால் ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவி இருக்கிறது, 2018-லிருந்து இப்படிப்பட்ட போலிகளைக் கண்டால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று எழுதிக் காட்டும். இரண்டுக்கும் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கணினியோடு சேர்த்து விற்கும்போது பழக்கமில்லாதவர்கள் கார்டைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள், அங்கேதான் இதைத் தள்ளிவிடுகிறார்கள். கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு நகையை அடகு வைத்துக் கணினி வாங்கித் தருகிற பெற்றோர் எத்தனையோ பேர் எங்கள் பள்ளியிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விஜிஏ போர்ட்டை யார் காட்டுவார்கள் என்று நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சிப்பின் படத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி படத்தை ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. "நாங்களும் டெல்லியில இருந்து வாங்குறதுதான் சார், உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். கழற்றியதால் திருப்பி எடுக்க முடியாது என்றார். கடைசியில் 2,000 ரூபாய் தருகிறேன், இதோடு விட்டுவிடுங்கள் என்றார். நான் வாங்கவில்லை.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன், தமிழிலேயே பேசலாம். கடையிலிருந்து பதில் வரவில்லை. ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பினேன், வாங்கிக்கொண்டதற்கு ஆதாரம் இருக்கிறது. இனி மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். வழக்குக்கான காரணம் எழுந்த தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலேயே பதிவு செய்ய முடியும். எஸ்டிமேட் சீட்டில் அவர்கள் கையாலேயே "1050 டிஐ 4 ஜிபி" என்று எழுதியிருக்கிறார்கள், பணம் ஜிபேயில் போயிருக்கிறது, பழைய பதிவுகளையும் சிப்பின் படத்தையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஹீட் சிங்கைத் திரும்ப மாட்டவில்லை. கார்டு கழற்றியபடியே அதே பெட்டிக்குள் பீரோவில் இருக்கிறது. மனு எழுதி முடித்துவிட்டேன், திங்கட்கிழமை பதிவு செய்கிறேன்.